வீட்டுப் பெயர் ஒன்று, ஏட்டுப் பெயர் ஒன்று: காரணமும் காகிதச் சிக்கலும்

மேலூர் வாசகன் (இழை தொடங்கியவர்)

நம்ம பக்கம் பாதிப் பேருக்கு ரெண்டு பெயர். பள்ளிச் சான்றிதழில் சுப்பிரமணியன், தெருவில் ராசு. பத்திரத்தில் மீனாட்சியம்மாள், வாக்காளர் பட்டியலில் சின்னப்பொண்ணு. இது எப்படி வந்தது, ஏன் இன்னும் போகவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே ஒரு நடைமுறைக் கேள்வி. ரெண்டு பெயரும் ரெண்டு காகிதத்தில் ஏறிவிட்டால் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது? 'நியூமராலஜி பாருங்க' என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

வைகைக்கரை

முதல் காரணம் தாத்தா பெயர்தான். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். பெயர் வைத்தாயிற்று, ஆனால் பெற்றவள் அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாது. அது மாமனார் பெயர். "டேய் கருப்பையா, திங்க வாடா" என்று கத்தினால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை டேய் போட்டதாக ஆகிவிடும். பிள்ளையைத் திட்டக்கூட வழியில்லை. அதனால் ராசு, துரை, தம்பி, பெரியவன் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்கிறது. பெண் பிள்ளைக்கு மாமியார் பெயர் என்றாலும் இதே நிலைமை. அங்கே பாப்பா, ராசாத்தி, அம்மாளு.

இந்த விலக்கு கூப்பிடுவதோடு நிற்காது. கணவர் பெயர் ஆறுமுகம் என்றால், நெல் அளக்கும்போது ஐந்துக்கு அடுத்து "அஞ்சும் ஒண்ணும்" என்று எண்ணிய பெண்கள் உண்டு. இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. காகிதக் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று "வீட்டுக்காரர் பெயர் என்னம்மா?" என்று கேட்பார். அந்தம்மா பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பார், அல்லது எதிர்வீட்டு ஆளைக் கூப்பிடுவார். அவர்கள் சொல்வது தெருவில் புழங்கும் பெயர். வந்தவர் அதை எழுதிக்கொண்டு போவார். பழைய ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் கூப்பிடும் பெயர் ஏறிய வழி பெரும்பாலும் இதுதான்.

பனங்காடு

வைகைக்கரை அண்ணன் சொன்னது மரியாதைக் கணக்கு. இன்னொன்று பயக் கணக்கு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளைக்கு நல்ல பெயர் வைக்கமாட்டார்கள். வைத்தால் எமன் கண் படும். பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து குப்புசாமி, குப்பம்மாள் என்பார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 'தவிட்டுக்கு வாங்கின பிள்ளை' என்ற பேச்சு அதில் வந்தது. பிச்சை எடுத்த அரிசியில் முதல் சோறு ஊட்டினால் பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள். மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்கையா, மூக்கம்மாள். பிள்ளை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகும் வயதில் வாத்தியாரோ மாமனோ வேறு நல்ல பெயராகப் பதிந்துவிடுவார்கள். தெருவில் மட்டும் குப்புசாமிதான்.

போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் குழந்தைக்கு வைப்பதை இதோடு சேர்க்கக் கூடாது. அது பிள்ளையைக் காப்பாற்ற வைத்த பெயர் இல்லை, அடுத்தது ஆணாக வரட்டும் என்று வைத்தது. வளர்ந்த பெண்கள் அந்தப் பெயரை மாற்றிக்கொள்வதற்கு யாரும் காரணம் கேட்கத் தேவையில்லை.

ரீல் பெட்டி

மேடைப் பெயர்களையும் சொல்லிவிடலாம். கவர்ச்சிக்காக மாற்றினார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக்குப் பாதி காரணம் பெயர் மோதல். நடிகர் சூர்யாவின் பெயர் சரவணன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் 1997-ல் அறிமுகமானபோது சூர்யா ஆனார். எழுத்தாளர் ரங்கராஜன் எழுத வந்தபோது குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் இருந்தார். அதனால் மனைவி பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டார்.

இளையராஜாவைப் பாருங்கள், ஒரே ஆளிடம் இந்த இழை முழுக்க இருக்கிறது. ஜாதகப் பெயர் ஞானதேசிகன். பள்ளியில் சேர்த்தது ராஜையா. ஊர் வாயில் அது ராசையா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இசை படிக்கும்போது அவர் சுருக்கமாக ராஜா என்று கூப்பிட்டார். 1976-ல் முதல் படம் வரும்போது பாடகர் ஏ.எம். ராஜாவின் பெயர் ஏற்கெனவே நிலைத்திருந்தது. பட எழுத்தாளர் பஞ்சு அருணாசலம் முன்னால் 'இளைய' சேர்த்தார். எந்த இடத்திலும் அவராக உட்கார்ந்து பெயர் தேடவில்லை பாருங்கள். கூப்பிடுகிறவர் வசதிக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறது.

ஈரோட்டுக் கண்ணாடி

சினிமாவோடு நிறுத்திவிடாதீர்கள் தோழர். தமிழ்நாட்டில் கொள்கைக்காகப் பெயர் மாற்றியவர்கள்தான் அதிகம் பேசப்பட வேண்டியவர்கள். 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தோடு வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அதற்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் என்று எழுதினார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் அந்த வரிசையில் வரும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலன் இன்றைக்குக் காகிதத்தில் தெரிகிறது. பட்டம் போனதும் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் மிச்சம். உலகம் முழுக்க உள்ள விண்ணப்பப் படிவங்கள் ரெண்டு கட்டம் வைத்துக்கொண்டு நிற்கின்றன, நம்மிடம் ஒன்றரைதான் இருக்கிறது. இதற்காகப் பட்டத்தைத் திரும்ப ஒட்டிக்கொள்வோம் என்று சிலர் கிளம்பியிருப்பது அபத்தம். படிவத்துக்கு அப்பா பெயரே போதும்.

மேலூர் வாசகன்

காரணங்கள் அருமை. இப்போது காகிதத்துக்கு வாருங்கள். பத்திரத்தில் 'என்கிற' என்பதைச் சுருக்கி '(எ)' போடுகிறார்களே, அதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா?

பத்திர மேசை

உண்டு. இன்னும் சொன்னால் ரெண்டு பெயர்க்காரருக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. 'சுப்பிரமணியன் (எ) ராசு' என்று ஒரு பதிவுப் பத்திரத்தில் ஒரு தடவை ஏறிவிட்டால், ரெண்டும் ஒரே ஆள் என்று அவரே பதிவாளர் முன்னால் சொன்னதாக ஆகிறது. ஆனால் எழுதும்போது கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

ஆதாரில் உள்ள பெயரை முதலில் போட்டு, அடுத்து (எ), அப்புறம் பழைய பத்திரத்தில் அல்லது பட்டாவில் உள்ள பெயர். தலைகீழாகப் போட்டால் அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது கேள்வி வரும். தகப்பனார் பெயருக்கும் இதே மாதிரி (எ) போடுங்கள். பலர் தன் பெயரைச் சரிசெய்துவிட்டு அப்பா பெயரை விட்டுவிடுவார்கள். வாரிசு கேட்கும் நாளில் அங்கேதான் இடிக்கும். வில்லங்கம் பார்க்கும்போதும் சர்வே எண்ணை மட்டும் நம்பாமல் ரெண்டு பெயரிலும் பாருங்கள்.

யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) காலத்துப் பட்டாக்களில் கூப்பிடும் பெயர் ஏறியது ரொம்ப சகஜம். முருகையா மூக்கையாவாக இருப்பார், பழனியம்மாள் பழனியாக இருப்பார். பட்டாவில் பெயர் திருத்த வட்டாட்சியரிடம் மனு. கூடவே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, ரெண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். யுடிஆர் சமயத்திலேயே விழுந்த பிழை என்றால் கோப்பு மேலே வருவாய்க் கோட்டம், மாவட்டம் வரை போகலாம், மாதக்கணக்கில் ஆகும். பதிவான கிரயப் பத்திரத்திலேயே எழுத்துப் பிழை என்றால் வழி வேறு. எழுதிக்கொடுத்தவரும் வந்து பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள். அவர் போய்விட்டால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இறப்புப் பதிவில்தான் பெரிய கோட்டை விடுகிறார்கள். துக்க வீட்டில் யாரோ ஒரு மாப்பிள்ளை போய் ஊரார் கூப்பிடும் பெயரைச் சொல்லிப் பதிந்துவிடுவார். வங்கிக் கணக்கு ஒரு பெயர், நிலம் ஒரு பெயர், இறப்புச் சான்று மூன்றாவது பெயர். பெயரை வாயால் சொல்லாமல் ஆதார் நகலை நீட்டுங்கள். தப்பாகப் பதிந்துவிட்டால் 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15-ஆம் பிரிவில் பதிவாளரே திருத்தலாம், ஆனால் ஆதாரக் காகிதம் கேட்பார்.

மேலூர் வாசகன்

அந்த 'ரெண்டு பெயரும் ஒருவரே' என்பதை விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) எழுதிக் கொடுத்தால் போதாதா ஐயா?

பத்திர மேசை

விஏஓ கைப்பட எழுதிக் கொடுப்பது சில இடத்தில் செல்லும், சில இடத்தில் ஓரமாக வைத்துவிடுவார்கள். வங்கியும் சார்பதிவாளரும் பெரும்பாலும் கேட்பது முத்திரைத்தாளில் நோட்டரி முன்னால் எழுதிய உறுதிமொழி. அதில் ரெண்டு பெயரையும் பொதுவாகச் சொன்னால் பயனில்லை. எந்த ஆவணம், எந்த எண், எந்தத் தேதி, அதில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து குறிக்க வேண்டும். 'சுப்ரமணியன்' என்று இருந்தால் 'சுப்ரமணியன்' என்றே எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள்.

அரசிதழ் 6-4

(எ) போதும் என்பவருக்கு மேலே உள்ளது போதும். பெயரையே மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு அரசிதழ். தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை புதன்கிழமைதோறும் வெளியிடும் அரசிதழில் பகுதி 6, பிரிவு 4-ல் பெயர் மாற்ற அறிவிப்புகள் வரும். படிவம் துறையின் தளத்தில் கிடைக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். பழைய பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, 'இனிமேல் இன்ன பெயரால் அழைக்கப்படுவேன்'. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றவர் கையெழுத்து.

அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு குறிப்பு இருக்கும், யாரும் படிப்பதில்லை. அறிவிப்பை வெளியிடுவதற்கு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்கப்படாது, விளைவுகளுக்கு அறிவித்தவரே பொறுப்பு என்று. அதாவது அரசு உங்களுக்குப் பெயர் வழங்கவில்லை. நீங்கள் அறிவித்ததை அச்சிட்டிருக்கிறது, அவ்வளவே. மற்ற ஆவணங்களை நீங்கள்தான் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

தவறு நடக்கும் இடம் பழைய பெயர்க் கட்டம். இன்ஷியலோடு இருக்கிறதா, இல்லாமல் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். ஒரு புள்ளி விட்டால்கூட, 'இந்த அரசிதழ் இந்த ஆளுடையதுதானா' என்று கவுண்டரில் கேட்பார்கள். பழைய மதிப்பெண் சான்றிதழைப் புதுப் பெயரில் அடித்துத் தருவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அரசிதழ் நகலைக் கூடவே இணைத்துக் காட்டுவதுதான் நடைமுறை. அசல் இதழ்ப் பிரதிகள் சிலவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து வரிசை. அரசிதழ் கையில் வந்ததும் முதலில் ஆதார், அதன்பின் பான், வங்கி, பி.எஃப்., கடைசியில் பாஸ்போர்ட். ஆதாரில் பெயரை வாழ்நாளில் ரெண்டு தடவைதான் சாதாரணமாக மாற்றலாம். அதனால் இன்ஷியலுக்கு ஒரு தடவை, எழுத்துக்கு ஒரு தடவை என்று வீணடிக்காதீர்கள். பானும் ஆதாரும் இணைக்கும்போது பெயர் முழுக்க வேறாக இருந்தால் இணையாது. பி.எஃப்.-ல் சிலருக்கு நிறுவனமும் நீங்களும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும். வேலையை விட்ட பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைவது தனிக் கொடுமை, பணியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8.

பான் விண்ணப்பத்தில் 'வேறு பெயரால் எப்போதாவது அறியப்பட்டிருக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் இருக்கிறது. அதை 'இல்லை' என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பத்திரத்தில் (எ) இருக்கிறவர் அதற்கு 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

கடல்வழி

பாஸ்போர்ட், பான் ரெண்டிலும் இன்ஷியலைத் தனி எழுத்தாக ஏற்பதில்லை, விரித்து எழுத வேண்டும். கந்தசாமி மகன் முருகனை எடுத்துக்கொள்வோம். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயர்க் கட்டத்தில் முருகன் என்று மட்டும் போட்டு பாஸ்போர்ட் எடுத்தவர்கள் ஏராளம். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் அப்படிப்பட்டவர் முருகனைக் குடும்பப் பெயராகவும், பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்றும் போட வேண்டும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அங்கே போய் இறங்கியதும் ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அவர் 'எஃப்.என்.யு. முருகன்'. அதைத் துடைத்தெடுக்கப் பெரும்பாடு.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்கமாட்டோம் என்றது. பின்னர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தினார்கள். விமான டிக்கெட்டிலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதி. சிலர் ஒரே பெயரை ரெண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். அதைப் பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெண்டு கட்டமும் நிரப்பினால் இன்னொரு விளைவு. பெயரில் முருகன், குடும்பப் பெயரில் கந்தசாமி. காகிதம் சுத்தம், ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் மிஸ்டர் கந்தசாமி என்று கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் நம் ஆட்கள் பலர் அப்பா பெயரில் புழங்குவது இப்படித்தான். ஆனாலும் புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிறவருக்கு என் பரிந்துரை இதுதான். எஃப்.என்.யு.வைவிட அப்பா பெயர் தேவலை.

யாழ்தேவி

எங்கட பக்கமும் உதே பிரச்சினைதான். கனடாவுக்குப் போன ஆக்களுக்கு அப்பான்ர பேர் குடும்பப் பேராகப் பதிஞ்சு போச்சு. ஒரு வீட்டில தகப்பனுக்குத் தன்ர அப்பான்ர பேர், பிள்ளையளுக்குத் தகப்பன்ர பேர், மனுசிக்கு அவவின்ர அப்பான்ர பேர். ஒரு வீட்டுக் கதவில மூண்டு குடும்பப் பேர். பள்ளிக்கூடத்தில பிள்ளையை எடுக்கப் போகேக்க 'நீங்கள் தாயோ' எண்டு கேப்பினம். பிள்ளையின்ர பிறப்புச் சான்றின்ர நகல் ஒண்டைக் கையில வைச்சிருக்கிறது நல்லது, முக்கியமாத் தாயோ தகப்பனோ தனியப் பிள்ளையோட பயணம் போகேக்க.

கிள்ளான் வாசி

மலேசியாவில் அடையாள அட்டையிலேயே ஏ/எல், ஏ/பி என்று மகன், மகள் உறவைக் காட்டி அப்பா பெயர் வந்துவிடும். சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. குடும்பப் பெயர் சண்டை கொஞ்சம் குறைவு. ஆனால் இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது, அதையும் சேர்த்துத் தட்டினால் பிழை காட்டும். சாய்கோட்டைத் தவிர்த்துவிட்டு எழுத்துகளை மட்டும் தட்டுங்கள்.

மல்லிச்சரம்

கல்யாணத்துக்கு அப்புறம் இன்ஷியலை மாற்றித்தான் ஆக வேண்டுமா? புகுந்த வீட்டில் கட்டாயம் என்கிறார்கள். அரசிதழ் தேவையா?

அரசிதழ் 6-4

கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை சகோதரி. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்கத் திருமணச் சான்று வேண்டாம் என்று 2016 டிசம்பரிலேயே விதி வந்தாயிற்று, பெயர் அப்படியே இருக்கலாம். படித்த சான்றிதழ்கள் எல்லாம் அப்பா இன்ஷியலில் இருக்கின்றன என்றால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. ஆதாரில் மட்டும் கணவர் இன்ஷியலுக்கு மாறி, பானில் அப்பா பெயர் விரிந்து நிற்பதுதான் மோசமான நிலை. மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒன்றிலும் தொடாதீர்கள். முகவரியில் கணவர் பெயர் வர வேண்டும் என்றால் ஆதாரில் 'கேர் ஆஃப்' வரி இருக்கிறது. பெயரைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, இன்ஷியல் அம்மாவுடையதாகவும் இருக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் எஸ், தாயார் சண்முகவடிவு. எம், மதுரை.

வைகைக்கரை

தமிழ் இன்ஷியல் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் அரசு ஆணை வந்தபின் பள்ளிகளில் தமிழிலேயே எழுதச் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அப்பா அருணாசலம் என்றால் அது 'அ.', 'ஏ.' கிடையாது. தமிழ்ச் சான்றில் 'ஏ.' என்று இருந்தால் பிற்பாடு அது ஏகாம்பரமா, ஏழுமலையா என்று ஒருவர் கேட்பார். கே., எஸ். எல்லாம் இந்த வகைதான்.

பனங்காடு

வேண்டாம் என்று சொல்லியும் நியூமராலஜியைப் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இன்றைக்குச் சான்றிதழ்க் குழப்பத்தில் பெரும்பங்கு அதுதான். தமிழில் பெயர் அப்படியே இருக்கும், ஆங்கிலத்தில் ஒரு ஏ, ஒரு ஹெச் கூடும். விசிட்டிங் கார்டில் அடித்துக்கொள்ளுங்கள், கடை போர்டில் எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? வங்கிக் கணக்கில் மட்டும் ஏற்றாதீர்கள். ஒரு எழுத்துக் கூடினால் காசோலை நிற்கும், பான் நிற்கும், பி.எஃப். நிற்கும். எண் கணிதம் பார்த்தவர் அங்கே வந்து கையெழுத்துப் போடமாட்டார்.

மேலூர் வாசகன்

கடைசியாக ஒன்று. இப்போது குழந்தை பிறந்த வீட்டில், தாத்தா பெயரும் வேண்டும், கூப்பிட வேறு பெயரும் வேண்டும் என்கிறார்கள். பிறப்புச் சான்றில் ரெண்டையும் (எ) போட்டு எழுதலாமா?

பத்திர மேசை

வேண்டாம். (எ) என்பது ஏற்கெனவே ரெண்டாகப் போனதைச் சேர்த்துக் கட்ட. புதுப் பிள்ளைக்கு அதைப் பிறக்கும்போதே கட்டுவானேன்? தாத்தா பெயரை வைப்பதானால் அதை மட்டும் எழுதுங்கள், கூப்பிடும் பெயர் வீட்டோடு இருக்கட்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றுதான். முன்பு போல வாத்தியார் ஏட்டில் மாற்றி எழுதிக்கொள்ள இடமில்லை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த நேரத்தில் பெயர் முடிவாகாமல் இருந்தால் பெயரில்லாமல் பதியலாம். அதன்பின் 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. தவறினால் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒரு தடவை பதிந்த பெயரை அப்புறம் மாற்றுவது கடினம் என்பதால் அவசரப்பட வேண்டாம், அந்த 12 மாதம் யோசிக்கத்தான் இருக்கிறது. படிவம் கொடுக்கும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, பெற்றவர் ரெண்டு பேர் பெயரையும் அவரவர் ஆதாரில் உள்ளபடி கீழே எழுதிக் கொடுங்கள். தட்டச்சு செய்பவரிடம் வாயால் சொல்லாதீர்கள். சான்று கையில் வந்ததும் அங்கேயே நின்று ரெண்டு மொழியிலும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.